பொம்மைப் பெயருக்குப் பணம் போடலாமா?



ரயிலே ஓடாத தீவில் குடியேறிய ரயில்வேக்காரன் என்று நம் சங்கத்து நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. அது உண்மைதான். டிப்ளமா முடித்து, முப்பத்தெட்டு வருஷம் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து, 2019இல் ஓய்வு பெற்று, மகளுக்கு இங்கே உத்தியோகம் என்பதால் மாயாபந்தருக்கு வந்து சேர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்த தொழிலுக்கு இந்த ஊரில் வேலையில்லை. ஆனாலும் சென்ற மாதம் அந்தப் பழைய தொழில்தான் எனக்குக் கைகொடுத்தது. இளைஞர்களும், இளைஞர்களுக்கு யோசனை சொல்லும் இடத்தில் இருக்கும் பெரியவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது என்று எழுதுகிறேன்.

என் தங்கை மகன் ஸ்ரீவிஜயபுரத்தில், அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிவந்த ஊரில், சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகுச் சீட்டும் தங்கும் அறையும் ஏற்பாடு செய்து கொடுக்கிறான். டிரங்க் ரோடு பஸ்ஸில் நாள் முழுக்கக் குலுங்கி என்னைப் பார்க்க வந்திருந்தான். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

“மாமா, ஒரு யோசனை கேக்கணும். இன்டர்நெட்ல பேரு வாங்கிப் போடலாம்னு இருக்கேன்.”

“வாங்கேன்டா. தொழிலுக்கு நல்லதுதானே?”

“எழுத்துல இல்ல மாமா, பொம்மையில. ஆமை, தென்னமரம், படகு, அலை... நாப்பது பேரு. இப்ப வாங்கிப் போட்டா அஞ்சு வருஷத்துல ஒண்ணொண்ணும் லட்சக்கணக்குல போகுமாம்.”

“மொத்தம் எவ்வளவு ஆகும்?”

“ரெண்டரை லட்சம்.”

“பணம் ஏது?”

“அப்பா பணம்தான் மாமா.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. காரணம் உண்டு. 1990களில் தமிழ்நாட்டில் தேக்கு மரத் திட்டங்கள் பறந்துகொண்டிருந்த காலம். இன்று ஆயிரம் ரூபாய் போட்டால் இருபது வருஷத்தில் ஒரு மரம் உனக்குச் சொந்தம் என்றார்கள். நானும் ஒரு நிறுவனத்தில் போட்டேன். போட்டதோடு நிற்காமல், “நல்ல திட்டம் மாப்பிள்ளை” என்று இவன் அப்பாவையும் போட வைத்தேன். மரப் படம் அச்சடித்த அழகான பத்திரம் வந்தது. சில வருஷத்தில் அலுவலகத்தில் பூட்டு தொங்கியது. மரத்தை நான் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை அதன் பிறகும் என் வீட்டுக்கு வந்தார், போனார். அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று அவர் இல்லை. அவர் விட்டுப்போன பணத்தை வைத்துக்கொண்டு அவர் பிள்ளை என்னிடம் யோசனை கேட்கிறான். சும்மா தலையாட்ட எனக்கு மனசு வரவில்லை. “ஒரு வாரம் பொறுடா, படிச்சுப் பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்து நம் தீவுகளைத் தொட்டதற்கு முன்பாக இருந்தால், இந்தப் படிப்பே நடந்திருக்காது. அப்போதெல்லாம் செயற்கைக்கோளை நம்பி ஒரு போட்டோ அனுப்புவதற்குள் ஒரு டீ ஆறிப்போகும். இப்போது ரங்கத் வரை அந்தக் கேபிள் வந்திருப்பதால் எனக்கும் கொஞ்சம் உலகம் தெரிகிறது. தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பெயர்ப் பலகையும் நிலையக் குறியீடும்

திருச்சி நிலையத்தில் பலகை தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஆனால் கன்ட்ரோல் ஆபீசுக்கும் டிக்கெட் கம்ப்யூட்டருக்கும் அது டி.பி.ஜே. தான். டிரிச்சினோபோலி ஜங்ஷன் என்ற பழைய பெயரின் மிச்சம் அது. சென்னை சென்ட்ரலுக்கு 2019இல் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள், குறியீடு மட்டும் மதராஸ் காலத்து எம்.ஏ.எஸ். ஆகவே இருக்கிறது. பலகை மனிதருக்கு, குறியீடு இயந்திரத்துக்கு.

இணையத்திலும் கதை இதேதான். இணையத்தின் முகவரி அமைப்புக்கு ஆங்கில எழுத்து இருபத்தாறும், பத்து எண்களும், ஒரு சிறு கோடும்தான் தெரியும். தமிழிலோ சீனத்திலோ பெயர் வைத்தால் அதை ஆங்கில எழுத்துக் குறியீடாக மாற்றித்தான் உள்ளே அனுப்புகிறார்கள். ப்யூனிகோடு என்ற இந்த மாற்றுமுறை 2003இல் வகுக்கப்பட்டது. எக்ஸ், என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு சிறு கோடுகளும் முன்னால் வந்து, பிறகு வாயில் நுழையாத ஒரு எழுத்துக் கோவை வரும். அதுதான் உண்மையான முகவரி.

எமோஜி என்பது ஜப்பானியச் சொல். படமும் எழுத்தும் சேர்ந்தது. 1999இல் டோகோமோ என்ற ஜப்பானியத் தொலைபேசி நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிடா என்பவர் வரைந்த 176 சிறு படங்கள் இதில் பெயர்பெற்றவை. 2010இல் யூனிகோடு என்ற உலக எழுத்துப் பட்டியலில் நூற்றுக்கணக்கான எமோஜிகள் சேர்ந்தன. பட்டியலில் எண் கிடைத்துவிட்டால் ப்யூனிகோடுக்கு ‘அ’வும் ஒன்றுதான், ஆமையும் ஒன்றுதான். ஆகவே ஆமையையும் முகவரியாக மாற்ற முடிந்தது. அமெரிக்காவில் பேனிக் என்ற மென்பொருள் நிறுவனம் 2011இல் லாவோஸ் நாட்டுக் குறியீட்டின் கீழ் சாணக் குவியல் படத்தைப் பதிவு செய்து வேடிக்கை காட்டியது. 2015இல் கோகோ கோலா புவேர்ட்டோ ரிகோவில் சிரிப்பு முகங்களைப் பதிவு செய்து விளம்பரம் செய்தது. இப்படித்தான் ஊர் முழுக்கப் பேச்சானது.

சட்டம் என்ன சொல்கிறது?

என் மருமகனுக்கு இந்தப் பகுதியை யாரும் சொல்லவில்லை. 2003இல் வந்த விதி கொஞ்சம் தாராளமானது. படக் குறிகளையும் விட்டுவைத்தது. 2010இல் வெளியான திருத்திய விதி எழுத்துக்கும் எண்ணுக்கும் மட்டுமே இடம் கொடுத்தது. படங்களுக்கு இடமில்லை. 2017இல் உலக இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் பாதுகாப்புக் குழுவும் எமோஜிப் பெயர்கள் வேண்டாம் என்று தெளிவாக எழுதிவிட்டது. அதனால் ‘டாட் காம்’ போன்ற பொதுப் பெயர்களின் கீழ் புதிதாக எமோஜி வாங்க முடியாது. 2001இலேயே பதிவான சில பழைய பெயர்கள் மட்டும் விதிவிலக்காகப் பிழைத்திருக்கின்றன.

பிறகு எங்கே விற்கிறார்கள்? நாட்டுக் குறியீடுகளில். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு எழுத்துக் குறியீடு உண்டு. அதன் கீழ் என்ன விற்பது என்பது அந்த நாட்டின் இஷ்டம். சமோவா, டோங்கா, மைக்ரோனேசியா போன்ற பசிபிக் தீவு நாடுகள் எமோஜியை அனுமதிக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை. சமோவாவின் குறியீடு டபிள்யூ.எஸ்.; மேற்கு சமோவா என்பதன் சுருக்கம். 1997இல் அந்த நாடு ‘மேற்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டது. குறியீடு நம் எம்.ஏ.எஸ். மாதிரி அப்படியே தங்கிவிட்டது.

வீட்டுக்காரன் யார்?

இணையப் பெயரை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. வருஷ வாடகைக்குத்தான் எடுக்கிறோம். ஆகவே வீட்டுக்காரன் யார் என்று பார்க்க வேண்டும். மாலி, காபோன் முதலிய சில நாடுகளின் குறியீடுகளை ஃப்ரீனம் என்ற தனியார் நிறுவனம் நிர்வகித்து, பெயர்களை இலவசமாகவே வாரி வழங்கியது. அங்கே எமோஜிக்கும் இடம் இருந்தது. மோசடிக்காரர்கள் புகுந்தார்கள். மெட்டா நிறுவனம் வழக்குப் போட்டது. 2023இல் புதிய பதிவுகள் நின்றன. அதே வருஷம் மாலியும் காபோனும் தங்கள் குறியீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டன. லட்சக்கணக்கான பெயர்கள் போன இடம் தெரியவில்லை. யூகோஸ்லாவியா என்ற நாடு போனபின் அதன் குறியீடும் 2010இல் நீக்கப்பட்டது. நாடே போனாலும் பெயர் போகும், நிர்வாகி மாறினாலும் பெயர் போகும். விதிக்கு வெளியே, ஒரு தீவு அரசின் தயவில் நிற்கும் பெயருக்கு ஆபத்து இரட்டிப்பு.

தொலைபேசிச் சோதனை

ரயில்வேயில் இரண்டு நிலைய அதிகாரிகள் லைன் கிளியர் கொடுக்கும்போது பிரைவேட் நம்பர் என்று ஒரு எண்ணைத் தொலைபேசியில் சொல்லிப் பரிமாறிக்கொள்வார்கள். இவர் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லி, இரு பக்கமும் எழுதிக்கொள்வார்கள். சொல்வதும் கேட்பதும் எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் ஆள் போய்விடும்.

எமோஜியை இந்தச் சோதனையில் நிறுத்திப் பாருங்கள். மருமகனை உள்ளறைக்கு அனுப்பி, திண்ணையிலிருந்து போன் போட்டு, “ஒரு பேரைச் சொல்லுடா” என்றேன்.

“ரெண்டு இதயம், ஒரு படகு மாமா.”

எந்த இதயம்? சீட்டுக்கட்டில் உள்ள ஹார்ட்டினுக்கு யூனிகோடில் ஒரு எண். கனத்த சிவப்பு இதயத்துக்கு வேறு எண். நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் தனித்தனி. படகு என்றால் பாய்மரமா, துடுப்பா, மோட்டாரா? அவன் சொன்னதை நான் அழுத்தியபோது வேறெங்கோ போய் நின்றது. என் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

படமும் நிலையானதல்ல. பட்டியலில் எண்தான் நிலை. வரைவது ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி. 2016இல் ஆப்பிள் தன் துப்பாக்கிப் படத்தைப் பிள்ளைகள் விளையாடும் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியது. இரண்டு வருஷத்தில் மற்றவர்களும் மாற்றினார்கள். ஆமையே ஒரு போனில் நிலத்து ஆமை போலவும் இன்னொன்றில் கடலாமை போலவும் தெரியும். கர்மாடாங் கடற்கரையில் முட்டையிட வரும் ஆமையைக் காட்டி வியாபாரம் செய்ய நினைப்பவனுக்கு இது சின்ன விஷயமல்ல. இன்னும் ஒன்று. இத்தனை செலவு செய்து வாங்கிய படத்தைக் குரோம் பிரவுசர் முகவரிக் கட்டத்தில் படமாகக் காட்டுவதில்லை. அந்த எக்ஸ்என் குறியீட்டையே காட்டுகிறது. புது ஆள் பார்த்தால் மோசடி முகவரி என்று மூடிவிடுவான்.

கணக்கு

உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தோம். நாற்பது பெயர், வாங்க ரெண்டரை லட்சம். அவனிடம் சொன்னவர்கள் கொடுத்த விலைப்பட்டியல்படி வருஷ வாடகை ஒரு பெயருக்கு இரண்டாயிரம் ரூபாய், நாற்பதுக்கு எண்பதாயிரம். ஐந்து வருஷத்துக்கு நாலு லட்சம். ஆக ஆறரை லட்சம் போன பிறகுதான் போட்ட பணம் வருமா என்ற கேள்வியே எழும். நிலம் வாங்கினால் விற்கும்வரை புல்லாவது முளைக்கும். இது வருஷா வருஷம் தீனி கேட்கும் மாடு. பால் கறக்குமா என்பது வாங்குபவன் வந்தால்தான் தெரியும். வாங்குபவன் ஏன் வரவேண்டும்? ஒரு ஆமை போனால் அவன் இரண்டு ஆமை வாங்கிக்கொள்வான், டபிள்யூ.எஸ்.ஸில் இல்லையென்றால் வேறொரு தீவின் குறியீட்டில் வாங்குவான்.

மருமகன் விட்டுக்கொடுக்கவில்லை. “2021ல ஒரு சாவிப் படம் நாலேகால் லட்சம் டாலருக்குப் போச்சு மாமா” என்றான். அந்தச் செய்தி நானும் படித்தேன். யாட் என்ற நிறுவனம் தன் சொந்த முகவரிக்குள் விற்ற பெயர் அது. தனியான இணையப் பெயர்கூட அல்ல. ஒருவர் கடை வாசலில் மாட்டிக்கொள்ள வாங்கிய பலகை. கடைக்காரர் கடையை எடுத்தால் பலகையை எங்கே மாட்டுவது?

பெயரில் பணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘சாட்’ என்ற டாட் காம் பெயரை 2023இல் தர்மேஷ் ஷா என்பவர் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிப் பிறகு கைமாற்றினார். அந்தச் சொல்லைக் குழந்தையும் சொல்லும், எழுதும். கரீபியன் கடலில் உள்ள அங்குயிலா என்ற சின்னஞ்சிறு தீவுக்கு ஏ.ஐ. என்ற குறியீடு தற்செயலாக அமைந்தது. செயற்கை அறிவு அலையில் 2023இல் அந்த அரசின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த இரண்டெழுத்தில் வந்தது. ஆனால் அங்கே நிச்சய லாபம் யாருக்கு? பதிவுக்குப் பணம் வாங்கும் தீவு அரசுக்கு. நாற்பது பெயரை மடியில் கட்டிக்கொண்டு காத்திருப்பவனுக்கு அந்த நிச்சயம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்வதுதான் நியாயம். விளம்பரத்துக்கு ஒரு படப் பெயர் வாங்கி, நாலு பேர் திரும்பிப் பார்த்தால் போதும் என்று நினைப்பவன் வாங்கட்டும். சினிமாவுக்குப் போன செலவு மாதிரி. நாளை விதியே தளரலாம், படங்களுக்குக் கதவு திறக்கலாம் என்பாரும் உண்டு. திறந்தால் ‘டாட் காம்’ வாசலிலேயே புதுச் சரக்கு வந்து குவியும். அப்போது தூரத்துத் தீவுப் பெயரை யார் தேடி வருவார்கள்? திறக்காவிட்டாலும் நஷ்டம், திறந்தாலும் நஷ்டம். அதோடு இன்று கடைத்தெருவில் யார் முகவரியை அடிக்கிறார்கள்? கட்டங்கட்டமான கியூ.ஆர். படத்துக்கு நேராகப் போனைக் காட்டுகிறார்கள், வேலை முடிந்தது.

நம் எழுத்துக்கு வருவோம்

இத்தனை படித்ததில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. இந்தப் பொம்மைகள் நுழைந்த கதவு, உண்மையில் நம் எழுத்துக்காகத் திறந்த கதவு. 1998 வாக்கில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ என்பவரும் அவர் குழுவும் பல மொழிகளில் இணையப் பெயர் வைக்கும் முறையைச் செய்து காட்டினார்கள். பரிசோதித்த எழுத்துகளில் தமிழும் ஒன்று. அதற்கு முன் 1995இலேயே அங்குள்ள நா. கோவிந்தசாமி அவருடன் சேர்ந்து சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழை ஏற்றியிருந்தார். 1999இல் காலமான அந்தத் தமிழாசிரியர், இன்று நாம் போனில் தமிழ் அடிப்பதற்குப் பாதை போட்டவர்களில் ஒருவர்.

அந்த உழைப்பின் பலனாக 2010இல் ‘இலங்கை’ என்றும், 2011இல் ‘இந்தியா’ என்றும் ‘சிங்கப்பூர்’ என்றும் தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளுக்கு அனுமதி கிடைத்தது. ஒரே மொழிக்கு மூன்று நாட்டு முகவரி! இவை தீவு அரசின் தயவில் நிற்பவை அல்ல, விதிக்குள் நிற்பவை. நம் நாட்டில் ‘நிக்சி’ அமைப்பு இதை நிர்வகிக்கிறது. தமிழிலும் குழப்பம் இல்லாமல் இல்லை. ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக அடிக்கலாம், தமிழ் எண் ஒன்றும் ‘க’வும் ஒன்றுபோல் தெரியும். ஆனால் அறிஞர்கள் உட்கார்ந்து எது எதற்குச் சமம் என்று விதி எழுதியிருக்கிறார்கள். இதயத்துக்கு யார் எழுதினார்கள்?

ஆனால் வாங்கிப் பதுக்குகிற சரக்காகப் பார்த்தால் தமிழ்ப் பெயரும் விலை போகாது. ஒரு அலுவலகப் படிவத்தில் தமிழ் முகவரியை அடித்தபோது “செல்லாத முகவரி” என்று என் முகத்தில் அடித்தது. எல்லா மென்பொருளும் எல்லா எழுத்தையும் ஏற்க வேண்டும் என்பதற்காக 2023 மார்ச் 28 அன்று முதன்முதலாக ஒரு நாளே கொண்டாட வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். தமிழ்ப் பெயரை வாங்கிக் குடியிருக்க வேண்டும். நாலு பேர் குடியிருந்தால்தான் தெருவுக்கு விளக்கு வரும்.

பெயரின் மதிப்பு நம்பிக்கையில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகளுக்கே உரிய ஒரு தனி முகவரிக்கு மாறச் சொன்னது. அழகுக்காகச் சொல்லவில்லை, வாடிக்கையாளர் ஏமாறக்கூடாது என்பதற்காக.

என்ன முடிவு செய்தோம்?

சிக்னல் பிரிவில் முதல் நாளே ஒரு விதி சொல்லிக் கொடுப்பார்கள். விளக்கு எரியவில்லை, அல்லது சரியாகத் தெரியவில்லை என்றால், அதைச் சிவப்பு என்றே எடுத்துக்கொள். பச்சையாக இருக்கலாம் என்று டிரைவர் ஊகிக்கக்கூடாது. 1990களில் தேக்குப் பத்திரத்தை வாங்கிய நாளில் அந்த விதியை நான் ஆபீசிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை மருமகனிடம் சொன்னேன். அவன் அப்பாவின் பணம் போன கதை அவனுக்கு அதுவரை தெரியாது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்பா ஒரு தடவைகூட சொன்னதில்ல மாமா” என்றான்.

“அதனாலதான்டா நான் சொல்றேன்” என்றேன்.

மறுநாள் இரண்டு பெயர் பதிந்தோம். தொழிலின் பெயர் ஆங்கில எழுத்தில் ‘டாட் இன்’ கீழ் ஒன்று. அதே பெயர் தமிழில் ‘இந்தியா’வின் கீழ் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு அவன் நினைத்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதிப் பணம் தபாலாபீசில் என் தங்கை பெயரில் இருக்கிறது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் பெயரைத் தமிழ் எழுத்தில் பதிவு செய்து, இந்த இதழின் பழைய பிரதிகளை அதில் ஏற்றி வைப்போம். இந்தத் தீவின் ஈரத்தில் காகிதம் எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். முதல் வருஷச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த வருஷத்திலிருந்து சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை மறந்தால் வீடு போய்விடும்.